நூறுக்கு ஒன்று ஏற்றம்: ஸ்பெயினில் ரயில் வராத பாதையில் சைக்கிள்

தெற்கு ஸ்பெயினில் ஓல்வேரா என்ற ஊரின் பழைய ரயில் நிலையத்திலிருந்து கிளம்பும்போது காலை ஒன்பதரை மணி இருக்கும். முதல் பத்து நிமிடத்துக்கு நான் பெடலை மிதிக்கவே இல்லை. சைக்கிள் தானாகவே ஓடியது. இருபுறமும் ஒலிவ மரங்கள், முகத்தில் ஏப்ரல் மாதத்துக் குளிர்காற்று. ஸ்பெயினின் இந்தத் தெற்குப் பகுதியான அந்தலூசியாவில் சைக்கிள் ஓட்டுவது இவ்வளவு சுலபமா என்று நினைத்துக்கொண்டேன்.

பின்னால் வந்த அப்பா பக்கத்தில் வந்து சேர்ந்தார். "இது நூறுக்கு ஒன்று இருக்கும் அம்மா. சில இடத்தில் அதற்கு மேலேயும் இருக்கும்" என்றார்.

"என்ன நூறுக்கு ஒன்று?"

"நூறு மீட்டர் போனால் ஒரு மீட்டர் இறக்கம். சாயங்காலம் திரும்பும்போது அதுவே ஏற்றம். இப்போதே வண்டியைத் திருப்பினால் பிழைத்தோம்."

நான் சிரித்தேன். அப்பா சொன்னதைக் கேட்காமல் போன எல்லா நாட்களையும் போலவே அந்த நாளும் முடிந்தது.

அப்பா ஜோலார்பேட்டையில் எஞ்சின் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். 1980இல் நீராவி எஞ்சினில் கரி அள்ளிப்போடும் வேலையில் சேர்ந்தார். கடைசியில் 58 பெட்டிச் சரக்கு ரயில்களை ஓட்டினார். இப்போது வயது 67. நானும் கணவரும் ஜெர்மனியில் இருக்கிறோம். எங்களைப் பார்க்க வந்தவரை அழைத்துக்கொண்டு, மாலகாவில் ஒரு மோட்டார்ஹோமை, அதாவது உள்ளேயே தங்கித் தூங்கும் வண்டியை, வாடகைக்கு எடுத்துப் பன்னிரண்டு நாள் சுற்றினோம். சைக்கிள் பாதைகளைத் தேர்ந்தெடுத்தது நான். அந்தப் பாதைகளை எப்படிப் படிக்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தது அவர்.

ஸ்பெயினில் கைவிடப்பட்ட ரயில் பாதைகளை நடப்பவர்களுக்கும் சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் திறந்துவிடும் திட்டம் 1993இல் தொடங்கியது. அந்தப் பாதைகளை 'வியா வெர்தே' என்கிறார்கள். பசுமைப் பாதை என்று பொருள். நாடு முழுவதும் சேர்த்து 3,000 கிலோமீட்டருக்கு மேல் வந்துவிட்டது. மோட்டார் வாகனம் கிடையாது. வளைவுகள் விசாலமானவை. ஏற்றம் எவ்வளவு இருந்தாலும் ரயில் ஏறக்கூடிய அளவைத் தாண்டாது. சைக்கிளுக்குப் புதியவர்களும் குழந்தைகளோடு வருபவர்களும் இதனால்தான் இவற்றை விரும்புகிறார்கள்.

ஆனால் 'ரயில் பாதை என்றால் சமதளம்' என்று நினைத்துக்கொண்டு வருவதுதான் பெரிய ஏமாற்று. நூறுக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று என்ற சரிவெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. நம் ஊரில் தண்டவாளத்தின் ஓரத்தில் கை நீட்டிய சின்னக் கம்பங்கள் நிற்கும், அவை சரிவைக் காட்டுபவை என்று அப்பா சொல்லித்தான் எனக்குத் தெரியும். "டிரைவருக்கே கண்ணால் தெரியாது. பின்னால் இருக்கும் பாரம்தான் சொல்லும்" என்பார். சைக்கிளில் அந்தப் பாரம் நாம்தான்.

ஓல்வேராவிலிருந்து புவெர்த்தோ செர்ரானோ வரை 36 கிலோமீட்டர். வியா வெர்தே தே லா சியெர்ரா என்று பெயர். 30 சுரங்கங்கள், 4 பெரிய பாலங்கள். ஓல்வேரா உயரத்தில், மற்ற முனை குவாதலேத்தே ஆற்றுப் பள்ளத்தில். ஹெரேஸ், அல்மார்ஹென் என்ற ஊர்களை இணைக்க 1920களில், பிரிமோ தே ரிவேராவின் சர்வாதிகார ஆட்சிக் காலத்தில் தொடங்கிய பாதை இது. மலையைக் குடைந்தார்கள், பாலம் கட்டினார்கள், நிலையக் கட்டடங்களைக்கூட எழுப்பிவிட்டார்கள். பிறகு பண நிலைமையும் ஆட்சியும் மாறின, உள்நாட்டுப் போர் வந்தது, வேலை நின்றது. ஒரு ரயில்கூட இதில் ஓடவில்லை.

முதல் சுரங்கத்தின் வாயிலில் நிறுத்தி இதைச் சொன்னபோது அப்பா நம்பவில்லை. "ஓடியிருக்கும். பிறகு நிறுத்தியிருப்பார்கள்" என்றார். உள்ளே போய் மேல் வளைவைச் செல்பேசி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "கரி இல்லை" என்றார். நீராவி எஞ்சின் போன சுரங்கத்தின் கூரை எத்தனை ஆண்டானாலும் கறுத்தே இருக்குமாம். அதற்குப் பிறகு வெகுநேரம் அவர் பேசவில்லை. முப்பது சுரங்கங்களிலும் நுழையும் முன் மணியை இரண்டு முறை அடித்தார். எதிரில் வருபவர்களுக்காக என்றுதான் நினைத்தேன். "சுரங்கத்துக்கு முன்னால் விசில் கொடுக்க வேண்டும், அதுதான் விதி" என்றார். அந்தப் பாதையில் முதன்முதலாக விதிப்படி விசில் கொடுத்த டிரைவர் அவராகத்தான் இருக்கும்.

சுரங்கங்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மிக நீளமானது ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். சிலவற்றில் ஆள் நடமாட்டத்தை உணர்ந்து எரியும் விளக்குகள் உண்டு. ஆனால் நாங்கள் போன அன்று ஒன்றில் பாதி தூரம் வரை எரிந்து, பிறகு எரியவே இல்லை. என் சைக்கிளின் முன்விளக்கு, வாடகை சைக்கிள்களில் வழக்கமாக இருக்குமே, எதிரில் வருபவருக்கு நம்மைக் காட்டும், நமக்கு ஒன்றையும் காட்டாது, அந்த வகை. கண்ணில் வெயில் கண்ணாடி வேறு. ஒரு நொடியில் குருடாகிவிட்டேன். சுவரில் மோதாமல் நின்றதற்குக் காரணம் என் திறமையல்ல, பின்னாலிருந்து "நிறுத்து!" என்று கேட்ட குரல். அதன் பிறகு ஒவ்வொரு வாயிலிலும் கண்ணாடியைக் கழற்றினேன், அரை நிமிடம் நின்று கண்ணைப் பழக்கிக்கொண்டேன். அடுத்த ஊரில் நல்ல விளக்கு ஒன்றை வாங்கினோம். பணம் செலவழிப்பதற்கு யோசிக்கக் கூடாத பொருள் அது ஒன்றுதான். உள்ளே குளிரும், கூரையிலிருந்து நீர் சொட்டும், தரை வழுக்கும். வெளியே வியர்க்க வியர்க்க ஓட்டிவிட்டு உள்ளே போனால் முதுகு சில்லிடும், ஆகவே மெல்லிய மேலாடை ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

வழியில் ஸாஃப்ராமகோன் என்ற பெரும்பாறை. கிரிஃபன் கழுகுகளின் பெரிய குடியிருப்பு அது. பிணம் தின்னும் கழுகு, இறக்கையை விரித்தால் இரண்டரை மீட்டர். அங்கே இருக்கும் பழைய நிலையத்தைக் கழுகுகளுக்கான விளக்க மையமாக மாற்றியிருக்கிறார்கள். பாறையை நோக்கிய கேமரா வழியே கூட்டைப் பார்க்கலாம். நாங்கள் சேர்ந்தபோது தரை சூடேறி வெப்பக்காற்று எழத் தொடங்கியிருந்தது. ஒவ்வொன்றாகப் பாறையைவிட்டு எழுந்து இறக்கையை அசைக்காமலே வட்டமிட்டு மேலே போயின. காலை எட்டு மணிக்கே ஓடிவந்திருந்தால் உட்கார்ந்திருக்கும் பறவைகளைத்தான் பார்த்திருப்போம். சோம்பேறித்தனத்துக்கு ஒருமுறையாவது பலன் கிடைத்தது.

கோரிப்பே நிலையம் ஏறக்குறைய பாதி வழி. அதன் பக்கத்தில் சப்பாரோ தே லா வேகா என்ற பிரம்மாண்டமான ஓக் மரம் ஒன்று உண்டு, இயற்கை நினைவுச்சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் நிழலில் புளிச்சோறு சாப்பிட்டோம். அங்கேயே திரும்பியிருக்க வேண்டும். இறக்கம் தந்த தெம்பில் கடைசி வரை போனோம்.

திரும்பும்போது மதியம் மூன்று மணி. நூறுக்கு ஒன்று தன் வேலையைக் காட்டியது. ஏறுகிறோம் என்று கண்ணுக்குத் தெரியாது, கால் மட்டும் கனக்கும். டயரில் காற்று இறங்கிவிட்டதோ என்று இரண்டு முறை இறங்கிப் பார்த்தேன். சுரங்கங்களுக்கு இடையே உயர்ந்த மண்கரைமேல் பாதை போகும் இடங்களில் எதிர்காற்று வேறு. கோரிப்பேக்கு வந்து சேர்ந்தபோது என் கணவர் புல்லில் படுத்துவிட்டார். அப்பாவுக்கு மட்டும் மின்சார சைக்கிள் எடுத்திருந்தோம். காலையில் அவர் மோட்டாரைத் தொடவே இல்லை. "இறக்கத்தில் எதற்கு நீராவியை வீணாக்க வேண்டும்?" என்று சொல்லி பேட்டரியை முழுதாக வைத்திருந்தவர், இப்போது சாவகாசமாக ஏறிப்போய் முன்னால் ஒவ்வொரு வளைவிலும் காத்திருந்தார். ஓல்வேரா போய்ச் சேரும்போது மணி ஏழேகால்.

அன்று இரவு நாங்களே எங்களுக்குச் சொல்லிக்கொண்டது இதுதான். பள்ளத்து முனையில் தொடங்கிக் காலையில் ஏறு, மாலையில் இறங்கு. அதற்கு வசதி இல்லையென்றால் ஒருவழி மட்டும் இறங்கிவிட்டு, சைக்கிளையும் ஏற்றிக்கொள்ளும் டாக்சியில் திரும்பு. அப்படிப்பட்ட டாக்சி இந்தப் பாதையில் உண்டு, முதல் நாளே சொல்லிவைக்க வேண்டும். பாதையின் நீளத்தைப் பார்த்துத் திட்டம் போடாதே, எந்த முனை உயரம் என்று முதலில் பார்.

மோட்டார்ஹோமைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஏழு மீட்டர் நீளம், மொத்த எடை 3.5 டன்னுக்குள். சாதாரண கார் உரிமமே போதும். ஓல்வேரா மலைமேல் கோட்டையும் தேவாலயமும் நிற்கும் வெள்ளை ஊர். செல்பேசி வரைபடத்துக்கு எங்கள் வண்டி ஏழு மீட்டர் என்று தெரியாதல்லவா, முதல் நாள் மாலை அது எங்களை நேராக மேல்தெருவுக்குள் கொண்டுபோய்ச் செருகியது. இருபுறமும் வீட்டுச் சுவர்கள், முன்னால் படிக்கட்டு. அப்பா இறங்கிப் பின்னால் போய் நின்றார். பச்சைக்கொடியும் சிவப்புக்கொடியும் இல்லாத குறைதான். ஷண்டிங் செய்யும்போது, அதாவது ரயில் பெட்டிகளை முன்னும் பின்னும் நகர்த்திச் சேர்க்கும்போது, காட்டும் கைச்சைகைகளைக் காட்டினார். 'மெதுவாகப் பின்னால் வா', 'இன்னும் வா', 'நில்'. என் கணவருக்கு ஒரு சைகையும் புரியவில்லை. நான் நடுவில் நின்று மொழிபெயர்த்தேன். பால்கனியில் நின்ற பாட்டி ஒருத்தி கைதட்டினாள். அந்தலூசியாவின் வெள்ளை ஊர்கள் எதுவாக இருந்தாலும் வண்டியை ஊருக்குக் கீழேயே நிறுத்திவிட்டு நடந்து ஏறுங்கள். பழைய ரயில் நிலையங்கள் பெரும்பாலும் ஊருக்கு வெளியே, திறந்த இடத்தோடு இருப்பவை. எங்கள் வண்டிக்கு அவைதான் பொருத்தமாக இருந்தன.

ஸ்பெயினில் 'நிறுத்துவது' வேறு, 'முகாம் போடுவது' வேறு. நிறுத்த அனுமதி உள்ள இடத்தில் வண்டிக்குள் தூங்கலாம். ஆனால் வெளியே நாற்காலி போட்டாலோ பந்தலை விரித்தாலோ அது முகாம், அதற்குத் தனி விதி, அபராதமும் உண்டு. அப்பா தேநீர்க் கோப்பையோடு வெளியே நாற்காலியில் உட்கார்ந்த ஐந்தாவது நிமிடம் ஒரு காவலர் வந்து, சிரித்தபடியே நாற்காலியைக் காட்டி உள்ளே காட்டினார். கழிவுநீரை அதற்குரிய இடத்தில் மட்டும் திறந்துவிடுவது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் அந்த இடங்களை முன்கூட்டியே குறித்துவைத்துக்கொள்ளாமல் வந்தால் மூன்றாம் நாள் வண்டிக்குள் இருக்க முடியாது. அனுபவத்தில் சொல்கிறேன்.

பின்புறத் தாங்கியில் சைக்கிள்களை மாட்டினால் 'வி-20' என்ற சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட சதுரப் பலகையைக் கட்ட வேண்டும். எங்களுக்கு வண்டி கொடுத்தவர்கள் அதைத் தர மறந்திருந்தார்கள். வழியில் ஒரு கடையில் வாங்கினோம். மின்சார சைக்கிள் ஒன்றே இருபது கிலோவுக்கு மேல். தாங்கி எவ்வளவு எடை தாங்கும் என்று எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள், பேட்டரியைக் கழற்றி உள்ளே வையுங்கள். ஊருக்கு வெளியே சாலையில் சைக்கிள் ஓட்டினால் தலைக்கவசம் கட்டாயம். பசுமைப் பாதைக்குப் போய்ச்சேரும் சாலையும் சாலைதான்.

பிறகு வடக்கே போனோம். ஹயேனிலிருந்து புவெந்தே ஹெனில் வரை 128 கிலோமீட்டர் நீளம் போகும் எண்ணெய்ப் பாதை. ஹயேன் மாகாணத்தில் மட்டும் ஆறு கோடிக்கு மேல் ஒலிவ மரங்கள். மலை, மேடு, பள்ளம் எங்கு பார்த்தாலும் கட்டம் போட்ட துணி விரித்ததுபோல் வரிசை வரிசையாக மரங்கள்தான். அந்த எண்ணெயைச் சுமந்துபோன 'எண்ணெய் ரயில்' ஓடிய பாதை இது. 1980களில் நிறுத்தப்பட்டது. இங்கே நிஜமாகவே ரயில் ஓடியிருக்கிறது என்று கேட்டதும் அப்பாவின் முகம் தெளிந்தது. ஹயேன், கோர்தோபா மாகாணங்களின் எல்லையில் குவாதாஹோஸ் ஆற்றின்மேல் ஏறக்குறைய 200 மீட்டர் நீளத்தில் இரும்புப் பாலம் ஒன்று இருக்கிறது. சைக்கிளை நிறுத்திவிட்டு ஒவ்வொரு ரிவெட்டாகத் தடவிக்கொண்டே கடந்தார். நாங்கள் மூச்சு வாங்கிக்கொள்ள அது நல்ல சாக்கு.

தோன்யா மென்சியாவில் பாதையை ஒட்டியே மோட்டார்ஹோம்களுக்கான இடம் உண்டு. மூன்று இரவு அங்கேயே தங்கினோம். காலையில் கதவைத் திறந்தால் பாதை. ஒரு பக்கம் சில கிலோமீட்டரில் பாறை உச்சியில் தொங்கும் சுஎரோஸ், மறுபக்கம் காப்ரா. இதுதான் எங்களுக்குச் சரிப்பட்ட முறை. ஒரே இடத்தில் வண்டியை நிறுத்தி, ஒருநாள் கிழக்கே, ஒருநாள் மேற்கே. தினமும் வண்டியைக் கிளப்பி, சைக்கிளைக் கட்டி, அவிழ்த்துக்கொண்டிருந்தால் பாதி நாள் அதிலேயே போய்விடும். சுஎரோசுக்குப் பாதையிலிருந்து ஊருக்குள் ஏறும் சாலை மட்டும் செங்குத்து, அதற்கும் ரயில் சரிவுக்கும் சம்பந்தமே இல்லை. தள்ளிக்கொண்டுதான் ஏறினோம். மேலே போய் அந்த ஊர் ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியைச் சாப்பிட்டதும் கோபம் போய்விட்டது.

லூக்கே பக்கம் போன அன்று முதல் பஞ்சர். டியூபைக் கழற்றினால் டயரில் முள். அப்பா அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு என் முகத்துக்கு நேராக நீட்டினார். "இது என்ன என்று தெரிகிறதா?"

நெருஞ்சி. ஜோலார்பேட்டை ரயில்வே குடியிருப்பின் பின்புறம் வெறுங்காலோடு ஓடியபோது குதிகாலில் ஏறிய அதே நெருஞ்சி முள். போன கோடையில் காய்த்துக் காய்ந்து பாதையோரத்தில் காத்திருந்திருக்கிறது. மத்தியதரைக்கடல் ஓரமும் அதன் வீடுதான். ஸ்பானிய மொழியில் அதை 'அப்ரோஹோ' என்கிறார்கள். 'கண்ணைத் திற' என்ற லத்தீன் சொற்களிலிருந்து வந்த பெயர். முள் இருக்கும் நிலத்தில் கால் வைப்பவனுக்குச் சொல்லும் எச்சரிக்கை. மொழி வேறு, மிதித்தவன் சொன்னது ஒன்றேதான். அன்று மட்டும் மூன்று பஞ்சர். பாதையின் நடுவே ஓட்டுங்கள், ஓரப் புல்லில் சைக்கிளைச் சாய்க்காதீர்கள், அப்படிச் சாய்த்ததால்தான் இரண்டாவதும் மூன்றாவதும். ஆளுக்கு இரண்டு மாற்று டியூப் இருக்கட்டும், டயருக்குள் ஊற்றும் அடைப்புத் திரவம் இருந்தால் இன்னும் நல்லது. முள்ளைப் பிடுங்காமல் புது டியூபைப் போட்டால் என்ன ஆகும் என்பதையும் நாங்கள் செய்து பார்த்துவிட்டோம்.

தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை. பழைய நிலையங்களில் உணவகம் இருக்கும் என்று படித்திருந்தோம். இருக்கிறது, ஆனால் வாரநாளில் மூடியிருக்கலாம். குழாய் இருந்தால் 'நோ பொத்தாப்லே' என்று எழுதியிருக்கிறதா பாருங்கள், குடிக்க உதவாது என்று அர்த்தம். மதியம் இரண்டு மணிக்குச் சிறு ஊர்களில் கடைகளை மூடினால் ஐந்து மணிக்கு முன்னால் திறக்க மாட்டார்கள். மதியச் சாப்பாடே இரண்டு மணிக்குத்தான் தொடங்கும், பன்னிரண்டு மணிக்குப் பசிக்கிறது என்று போய் நின்றால் காப்பியும் ரொட்டியும்தான் கிடைக்கும். ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீரும் கொஞ்சம் பேரீச்சம்பழமும் எப்போதும் பையில் இருந்தன. ஏப்ரலுக்கே இப்படி. ஜூலை, ஆகஸ்டில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும் ஊர்கள் இவை, அப்போது வர வேண்டாம். ஈஸ்டருக்கு முந்தைய வாரமும் வேண்டாம், ஊர்வலங்களுக்காகத் தெருக்களை அடைத்துவிடுவார்கள். நாங்கள் ஈஸ்டர் முடிந்தபின் வந்ததால் தப்பித்தோம்.

கடைசி நாள் காப்ரா. அது எங்கள் இடத்தைவிடப் பள்ளம், அதாவது போகும்போது சுகம், வரும்போது நூறுக்கு ஒன்று. அத்தனை பாடம் படித்த பிறகும் வேறு வழியில்லை, வண்டி மேலே நின்றது. காப்ராவின் பழைய நிலையத்தில் எண்ணெய் ரயிலுக்கான விளக்க மையம் இருக்கிறது. வெளியே ஒரு நீராவி எஞ்சினை நிறுத்தியிருக்கிறார்கள். அப்பா அதைச் சுற்றி வந்தார். சக்கரத்தின் இணைப்புத் தண்டைத் தட்டிப் பார்த்தார். "இங்கே நான் நிற்பேன், அங்கே டிரைவர். இந்தப் பக்கம் முழுக்க வேகும், அந்தப் பக்கம் முழுக்க நனையும்" என்று மழைக்காலத்து ராத்திரி ஒன்றை என் கணவருக்கு விவரித்தார். நான் கேட்டே இராத கதை அது. கரி அள்ளிய வலது தோள் இப்போதும் குளிரில் வலிக்கும் என்பதையும் அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

கிளம்பும்போது என் கால்களைப் பார்த்தார். மின்சார சைக்கிளை என் பக்கம் தள்ளிவிட்டு என் சைக்கிளை எடுத்துக்கொண்டார். வேண்டாம் என்று நான் சொல்லச் சொல்லப் பையிலிருந்து மூன்று பேரீச்சம்பழத்தை எடுத்து வாயில் போட்டார்.

"நீ பேட்டரியில் வா. எனக்குக் கரி போட்டாகிவிட்டது."

மணியை இரண்டு முறை அடித்துவிட்டு ஏறத் தொடங்கினார்.